வரி இங்கே, ஓட்டு அங்கே

"ஓட்டு தாராவில கெடக்கு. ரேஷன் அங்க வாங்குத. பிள்ளையளும் அங்கதான் படிக்கு. கொடைக்கு வரி குடுத்துட்டா ஊர்க்கூட்டத்துல வந்து பேசிரலாமாடே?"

கொடைக்கு, அதாவது ஊர்க்கோயில் திருவிழாவுக்கு, நாள் குறிக்கக் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி எப்படியும் எழும்பிவிடும். சங்கரன்கோவில் பக்கமானாலும் நாங்குநேரி பக்கமானாலும் சொல்தான் கொஞ்சம் மாறும். கேட்கப்படுகிற ஆள் நாற்பது வருஷமாகப் பம்பாயின் தாராவிக் குடிசைப் பகுதியில் பிழைப்பவராக இருப்பார். "சரி அண்ணாச்சி, நீங்க பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அந்தப் பதிலோடு விஷயம் முடிந்துவிடுகிறது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் பெரிய தவறு ஒன்று இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பம்பாய்க்காரர் ஊர்ப்பாசத்தால் மட்டும் கொடைக்கு வருவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அவரை ஊரோடு கட்டிப்போட்டிருப்பதில் பாசத்துக்குப் பாதிப் பங்குதான். மீதியைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது.

தலைக்கட்டுக் கணக்கு

கொடைவரி எப்படிப் போடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கல்யாணமாகாத மகன் அப்பா வரிக்குள் அடக்கம். கணவனை இழந்த பெண்ணுக்குச் சில ஊர்களில் அரை வரி, சில ஊர்களில் வரியே இல்லை. கட்டிக்கொடுத்த பெண் பிள்ளைகள் தருவது வரியாகாது, நன்கொடைக் கணக்கில் சேரும். மேளம், வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, பந்தல், படப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலு லட்சம் ஆகுமென்று வைத்துக்கொண்டால், 160 தலைக்கட்டு உள்ள ஊரில் தலைக்கு 2,500 ரூபாய். அந்த 160-இல் எழுபது எண்பது பேர் வெளியூரில் இருப்பார்கள். வரி நோட்டில் பம்பாய்க்கென்று தனிப் பக்கம் இருக்கும். அங்கே ஒருவர் வசூலித்து மொத்தமாக அனுப்புவார். இப்போது ஜிபேயில் நேராக வந்துவிடுகிறது. வராமல் போனால் நிலுவை எழுதப்படும். வீட்டில் ஒரு கல்யாணமோ சாவோ நடக்கும்போது அந்த நிலுவையைத் தீர்த்த பிறகே ஊர் முறை செய்வோம் என்று நிற்கிற ஊர்களும் உண்டு.

நாள் குறிப்பதிலும் சிக்கல் வரும். கொடைக்குப் பந்தல்கால் நடும் கால்நாட்டுக்கு ஒரு வாரம் முன்னால் ஊர் கூடினால் உள்ளூருக்குப் போதும். நாகர்கோவில் – மும்பை வண்டியிலும் தாதர் – திருநெல்வேலி வண்டியிலும் இடம் பிடிக்கிறவருக்கு அது போதாது. 2024 அக்டோபர் வரை 120 நாளுக்கு முன்பே முன்பதிவு செய்ய முடிந்தது. அதற்குப் பிறகு 60 நாள்தான். சித்திரையிலும் ஆடியிலும் அந்த 60-ஆம் நாள் காலையே படுக்கை வசதி தீர்ந்துபோகும். ஆக, கொடைக்கு இரண்டு மாதத்துக்கு முன்பு நாள் முடிவாகாத வருஷம் பம்பாய்க் குடும்பங்களில் ஆம்பிளைகள் மட்டும் நின்றுகொண்டே வந்து சேர்வார்கள், பெண்டு பிள்ளைகள் வரமாட்டார்கள். "போன தடவை ஏன் வரல" என்ற குறை அடுத்த கூட்டத்தில் பேச்சாக வரும். நாளைத் தள்ளி வைத்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

தோல் போன பிறகு

நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்குப் போனவர்களை அங்கே இழுத்தது தோல். பாந்திராவில் மாடு அறுக்கும் இடம் இருந்தது. பச்சைத்தோல் கெடுவதற்குள் போய்ச் சேரும் தூரத்தில் சதுப்பு நிலமாகக் கிடந்தது தாராவி. உப்புப் போட்ட தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிர் கழித்து, சவ்வு சீவி, பட்டைச் சாற்றில் பதப்படுத்தி, கடுக்காய்த் தண்ணீரில் முடிக்கிற வேலை நம்மவர்களுக்குத் தெரிந்த வேலை. அந்த நாற்றத்தில் நிற்க வேறு ஆள் கிடைக்கவும் இல்லை. திருநெல்வேலி முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் அதில் முன்னே போனார்கள். நாடார்கள் கடையும் பலகாரமுமாகப் பின்னால் போனார்கள். தாராவியின் முதல் பள்ளிவாசலான படி மஸ்ஜித் 1887-ஆம் வருஷத்தது. அங்குள்ள பழைய கணேசர் கோயில் 1913-இல் கட்டியது. நெல்லையிலிருந்து இத்தனை தூரம் தள்ளித் தமிழ் ஆட்கள் வேரூன்றியதற்கு அந்த இரண்டு கட்டடங்களே சாட்சி. போன ஆண்களின் வீடுகளில் பெண்கள் பீடி சுற்றினார்கள்; மணியார்டர் தாமதமான மாதங்களைப் பீடித்தட்டுதான் தாங்கிப் பிடித்தது.

அறுப்பிடம் 1971-இல் தேவனாருக்குப் போயிற்று. தோல் பதனிடும் கூடங்களும் ஒவ்வொன்றாக மூடவோ இடம் மாறவோ செய்தன. தைத்து முடிக்கும் வேலை மட்டும் தங்கியது. 1982 ஜனவரி 18-இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கினார்கள். அதற்குப் பிறகு பம்பாயின் ஆலைகள் நிமிரவே இல்லை. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று நிற்பது வணிக வளாகம்.

ஆலை வாசல் இருந்தவரை அந்த நகரத்தில் ஒரு மனிதன் யார் என்பதை ஆலை சொன்னது. வாசல் பாசாக ஒரு அட்டை, மாதச் சம்பளத்தில் ஒரு கையெழுத்து, சங்கத்தில் ஒரு எண். மராத்திக்காரனும் உத்தரப்பிரதேசத்துக்காரனும் நாங்குநேரிக்காரனும் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். ஆலை போனதும் வேலை வீட்டுக்குள் வந்தது. கீழே அச்சில் இட்லி வெந்துகொண்டிருக்கும். மேலே குடும்பம் படுத்திருக்கும். விடியுமுன் அலுமினியப் பாத்திரத்தைத் தலையிலோ சைக்கிளிலோ ஏற்றிக் கிளம்புவார்கள். பக்கத்து வீட்டில் முறுக்கு, அதற்கடுத்ததில் பெல்ட் தையல். சங்க எண் கொடுத்த பாதுகாப்பை இனிமேல் வீட்டு முகவரிதான் கொடுக்கவேண்டும் என்றாயிற்று. அந்த நகரத்து அரசியலும் முகவரி அரசியலாக மாறியது அங்கேதான். 1966-இல் சிவசேனை தொடங்கி "மதராசி"களை விரட்டப் பேசிய காலத்தில் தெருவில் அடிவாங்காமல் இருப்பது பெரிய பாடு. பிறகு குழாய், கக்கூஸ், மின்சாரம், கடைசியில் அடையாளத் தாள். ஒவ்வொன்றையும் வாங்கித்தர ஒரு சங்கமோ கட்சி அலுவலகமோ சந்துக்குள் முளைத்தது. தேர்தலில் யாருக்கு ஓட்டு என்பதை அந்தத் தாள் வாங்கித் தந்தவர் முடிவு செய்தார்.

பெயரில் விழும் ஓட்டை

அங்குள்ள குடும்பங்கள் தகரப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றும் தாள்கள் இவை: 1976-ஆம் வருஷக் குடிசைக் கணக்கெடுப்பை வைத்துக் கொடுத்த போட்டோபாஸ், பெஸ்ட் நிறுவனத்தின் மின்சார பில், வாக்காளர் பட்டியலின் நகல், கடை இருந்தால் குமாஸ்தா லைசென்ஸ், பிள்ளைகளின் பள்ளிச் சான்று. வெள்ளத்தில் நனைந்து போகிற தாளும் உண்டு. ஆனால் தாள் தொலைந்து கெட்டதைவிடப் பெயரால் கெட்டது அதிகம்.

நம்மிடம் தலையெழுத்தும் பெயரும்தான். மராத்தி முறையில் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று வேண்டும். சு. இசக்கிமுத்துவிடம் மூன்றாவது எதுவென்று கேட்டால் அவர் தாத்தா பெயரைச் சொல்வார். அவருடைய தம்பி ஊர்ப் பெயரைச் சொல்வார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு குடும்பப் பெயரோடு பட்டியலில் ஏறிவிடுவார்கள். எழுத்திலும் கோளாறு. "முத்து" என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் டி-யுடன் (T) ஒரு எச் சேர்ப்போம். மராத்தியில் படிக்கிறவருக்கு அந்த எச், மூச்சைச் சேர்த்துச் சொல்லும் இரண்டாவது "த". சுடலையில் வரும் "ட"வுக்கு நாம் போடும் டி (D), அவருக்கு "த" போலவும் தெரியும். சுடலைமுத்து அங்கே "சுதலாய் முத்ஹு" ஆகிவிடுவார். இசக்கியை ஐ-யில் தொடங்கி ஒரு தாளும் ஈ-யில் தொடங்கி இன்னொரு தாளும் இருக்கும். ழகரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெயர் பொருந்தவில்லை என்று மனு திரும்பினால் உறுதிமொழிப் பத்திரம், அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு, பிறகு வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 என்று நடக்கவேண்டும். முதல் தாளில் எப்படி இருக்கிறதோ அந்த எழுத்துக்கே மற்ற எல்லாவற்றையும் கொண்டுவருவதுதான் புத்தி. புதுத் தாளுக்கு ஏற்பப் பழையதைத் திருத்தப் போனால் பழைய தாளின் தேதி தரும் பலம் போய்விடும்.

அந்தத் தேதியில்தான் இன்று எல்லாம் நிற்கிறது. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு எடுத்தது. மாநில அரசு 2023 ஜூலையில் முறைப்படி ஒப்படைத்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதை நிரூபிப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அந்தத் தேதிக்கும் 2011 ஜனவரி 1-க்கும் இடையில் வந்த தரைத்தளக்காரருக்கு, இரண்டரை லட்சம் கட்டினால் 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே. அதற்குப் பின் வந்தவரும் மேல்தளத்தில் இருப்பவரும் வெளியே போய் வாடகை – தவணை முறையில் வீடு எடுக்கவேண்டும். கீழே அண்ணன், மேலே தம்பி என்று ஒரே ஏணியில் ஏறி இறங்கும் குடும்பத்தை இது இரண்டு ஊராக்கிவிடுகிறது. தரைத்தளத்துத் தாத்தா முப்பது வருஷ மின்சார பில்லோடு தங்கிவிடுவார். இட்லி அவிக்கிற கையாள் வடகிழக்குக் கோடியில் முலுண்டுக்குப் போய்விட்டால் விடியக்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்ட எப்படி வருவான்?

இரண்டு பட்டியல்

ஓட்டு விஷயத்தில் ஊர்க்காரர் சொல்வதில் சட்டப்படி நியாயம் உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. 1950-ஆம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18-ஆம் பிரிவுகள் ஒருவர் பெயர் ஒரு தொகுதியில், அதிலும் ஒரு முறைதான் இருக்கலாம் என்கின்றன. 20-ஆம் பிரிவு இன்னும் தெளிவு: ஒரு இடத்தில் வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் அங்கே வழக்கமாக வசிப்பவராகிவிட முடியாது. பூட்டிக் கிடக்கும் பம்பாய்க்காரர் வீட்டுக்கு ஓட்டு இல்லை. தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் வசிப்பிடம் போய்விடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆறு மாதம் திருப்பூருக்குப் போனவரை நீக்கக்கூடாது என்பதற்கு அது உதவும், நாற்பது வருஷம் தாராவியில் இருப்பவருக்கு உதவாது. இரண்டு இடத்திலும் வைத்துக்கொண்டு பொய்யாக எழுதிக் கொடுத்தால் 31-ஆம் பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் நடந்த வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இந்தச் சட்டம் வீடு வீடாக வந்தது. டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. பெரும்பகுதி இடம்பெயர்ந்தவர்கள், கொடுத்த முகவரியில் இல்லாதவர்கள். நெல்லைச் சீமையில் வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பெயர்கள் அதில் போயிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நீக்கம் சரிதான். தாராவியில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் இங்கே நீக்கப்பட விட்டவருக்கு இரண்டு ஊரிலும் ஓட்டு இல்லை. அங்கே இடமாற்றத்துக்கும் உரிய படிவம் 8-ஐக் கொடுத்துப் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு இங்கே விடுவதுதான் முறையான வரிசை.

இவ்வளவும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஊர்க்கூட்டத்துக் கேள்வி சரியென்றே தோன்றும். ஓட்டு அங்கே, வீடு அங்கே, தாள் அங்கே. அப்புறம் ஊரில் என்ன மிச்சம்?

சாதிச் சான்றிதழ்

மிச்சம் இருப்பது இதுதான், என் எண்ணத்தைப் புரட்டிப் போட்டதும் இதுதான். அரசியல் சாசனத்தின் 341-ஆம் பிரிவு பட்டியல் சாதிகளை அந்தந்த மாநிலத்தைப் பொறுத்துத்தான் வரையறுக்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியாக இருப்பவர் மகாராஷ்டிரத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த உரிமை கூடவே போகாது. 1990, 1994, 2018 ஆகிய மூன்று வருஷங்களிலும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுகள் இதையே சொல்லியிருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் சான்றிதழ் வேண்டுமானால் பட்டியல் ஆணை பிறந்த 1950 ஆகஸ்ட் 10-இல் குடும்பம் அந்த மாநிலத்தில் இருந்ததைக் காட்டவேண்டும். சாதிப்பெயர் அந்த மாநிலப் பட்டியலிலும் இருக்கவேண்டும். 1960-இல் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிய தாத்தாவின் பேரனுக்கு, தாராவியிலேயே பிறந்து மராத்தி பேசி வளர்ந்தாலும், அந்த மாநிலத்தின் கல்லூரி இடத்திலோ அரசு வேலையிலோ ஒதுக்கீடு கிடையாது. தாத்தா எந்தத் தீண்டாமையிலிருந்து தப்பி ரயில் ஏறினாரோ அது தாராவிச் சந்து வரை கூட வந்தது. அதற்கு ஈடாகச் சட்டம் தந்தது மட்டும் எல்லையில் நின்றுவிட்டது.

தாராவி சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. 1951-ஆம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதியில் நிற்க "அந்த மாநிலத்தின்" பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும். தாராவியின் தெருக்களை உண்டாக்கிய நெல்லை ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளை, 1950 கணக்கில் வராவிட்டால், அந்தத் தொகுதியில் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு மக்களவைக்கு வேறு விதமாகப் பேசுகிறது: அந்த மாநிலமோ வேறு எந்த மாநிலமோ, பட்டியல் சாதியாக இருந்தால் போதும், நாட்டில் ஏதோ ஒரு தொகுதியின் வாக்காளராக இருந்தால் போதும். ஆக அதே பிள்ளை சோலாப்பூரிலோ லாத்தூரிலோ நாடாளுமன்றத்துக்கு நிற்கலாம். தாராவி வாக்காளராக இருந்துகொண்டே தென்காசி மக்களவைத் தொகுதியில் நிற்கலாம். தன் வீட்டு வாசல் இருக்கும் தொகுதிக்கு மட்டும் ஒதுக்கீட்டில் நிற்க வழியில்லை. சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் ஒதுக்கீட்டுச் சட்டமன்றத் தொகுதிகளுக்கு வரவேண்டுமானால் தாராவி ஓட்டை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டு வாக்காளராக வேண்டும். அங்குள்ள தமிழர் அரசியல் ஏன் ஓட்டுத் திரட்டிக் கொடுக்கும் அரசியலாகவே நின்றது என்று கேட்பவர்கள் இந்தக் கதவையும் பார்க்கவேண்டும். காரணம் இது ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் இது சிறிய காரணமில்லை.

தமிழ்நாட்டுச் சான்றிதழ் செத்த தாள் ஆகிவிடவில்லை. ரயில்வே, வங்கி, மத்தியத் தேர்வாணையங்கள், மத்தியக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் அது செல்லும். அங்கே பிறந்த பிள்ளைக்கு அதை வாங்குவது எப்படி? இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, அப்பாவின் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று, படம் ஆகியவற்றோடு பதியவேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேலே போகும். அப்பாவின் தமிழ்நாட்டுச் சான்றிதழ் கையில் இருந்தால் அதை அடிப்படையாகக் காட்டி, குடியிருக்கும் மாநிலத்து அலுவலகத்திலும் அப்பாவின் சொந்த மாநிலத்தின் பெயரால் ஒன்று வாங்கலாம். மத்திய அரசின் படிவத்திலேயே அதற்கென்று ஒரு பத்தி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வேர் அப்பாவின் தாள்தான். பத்து வயசில் வேலைக்கு ரயில் ஏறிய அப்பா அதை எங்கே வாங்கினார்? அவர் பெயரில் எதுவும் இல்லாத வீடுகளில் தாத்தாவிலிருந்து தொடங்கவேண்டும். பிள்ளையின் ஆதாரில் "முத்ஹு", தாத்தாவின் பட்டாவில் "முத்து". 2021 சட்டத்துக்குப் பிறகு தேவேந்திரகுல வேளாளர் என்று பெயர் மாறிய வீடுகளில் அப்பாவின் சான்றில் பழைய பெயர், மகனின் மனுவில் புதிய பெயர். ஒவ்வொன்றும் ஒரு திருப்பி அனுப்பல்.

இந்த மனுக்களில் பல கிராம நிர்வாக அலுவலரின் ஒற்றை வரியில் நின்றுவிடும்: "மனுதாரர் இக்கிராமத்தில் வசிக்கவில்லை." வசிக்கவில்லை என்பது உண்மை. இந்தக் கிராமத்தைச் சேர்ந்த குடும்பம் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மைக்குத் தாள் கிடையாது, ஆள்தான் வேண்டும். அதனால் அவர் மோட்டார் சைக்கிளை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு ஊருக்குள் வந்து விசாரிப்பார். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களில், ஊர்க்கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட அண்ணாச்சியும் இருப்பார்.

"இந்தப் பையன் யாரு வீட்டுப் பிள்ளை? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன சார். நம்ம வடக்குத்தெரு சுடலைமுத்து பேரன். பம்பாயில இருக்கான். போன கொடைக்கு அவன் அப்பா தலைக்கட்டுலயும் வரி வந்திருக்கு, நோட்டை எடுத்துட்டு வரச் சொல்லவா?"

அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதுகுப் பையிலிருந்து பேனாவை எடுப்பார்.